மாநாட்டில் ஒரு நாள் ஆராய்ச்சிப் பயிலரங்கு: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

கேள்வி கேட்டவர் மருத்துவத்தில் ஓர் இளம் இணைப் பேராசிரியர். அவருடைய துறைச் சங்கத்தின் மாநில மாநாட்டுக்கு முந்தின நாள், ஆராய்ச்சி முறைகள் பற்றிப் பயிலரங்கு நடத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. 60 பேர் வருவார்கள். பாதிப் பேர் முதுநிலை மாணவர்கள், மீதி உதவிப் பேராசிரியர்களும் தனியாக கிளினிக் வைத்திருப்பவர்களும். "என்னென்ன தலைப்பு வைக்கலாம், யார் யாரைப் பேசக் கூப்பிடலாம்? புள்ளியியல் என்றாலே எழுந்து போகிறவர்களை எப்படி உட்கார வைப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தலைப்புப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள், டாக்டர். உங்கள் சங்கத்தின் பழைய அழைப்பிதழை எடுத்தால் அதில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும்: ஆய்வு வகைகள், சாம்பிள் சைஸ், பி வேல்யூ, எந்த டெஸ்ட் எப்போது, எத்திக்ஸ், கட்டுரை எழுதுவது எப்படி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை. குத்துவிளக்கு ஏற்றி முடிக்கும்போதே மணி பத்தரை ஆகிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் ஸ்டால் பக்கம் ஒதுங்குவார்கள், மற்றவர்கள் கிரெடிட் பாயின்ட் சான்றிதழுக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி என்று விதி இருக்கும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இப்படி வரிசையாகப் பேசுவதால் என்ன கிடைக்கிறது என்பதையே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். டேவிஸும் கூட்டாளிகளும் 1999-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வெறும் சொற்பொழிவாக நடந்த தொடர்கல்விக் கூட்டங்கள் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. வந்தவர்களையும் ஏதாவது செய்ய வைத்த கூட்டங்களில்தான் மாற்றம் தெரிந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பு 81 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, கூட்டங்களால் கிடைக்கும் முன்னேற்றம் நடுமதிப்பில் சுமார் 6 சதவீதம்தான் என்றது. அதிலும் சொற்பொழிவையும் பயிற்சியையும் கலந்து நடத்தியவையே மேல். இவை சிகிச்சை நடைமுறையைப் பற்றிய கணக்குகள், ஆராய்ச்சித் திறனைப் பற்றியவை அல்ல. ஆனாலும் உங்கள் 60 பேர் மட்டும் வேறு மாதிரி இருப்பார்கள் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். அடிப்படைப் பாடம் இப்போது ஆன்லைனிலேயே இருக்கிறது. முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை நடத்துவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், அதுவும் நம் சென்னையிலேயே. கோஹார்ட், கேஸ் கன்ட்ரோல் போன்ற ஆய்வு வகைகள் என்றால் என்ன என்று அவர்கள் நிதானமாக, நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். அதையே நீங்கள் அவசரமாக இன்னொரு தடவை சொல்வதில் என்ன லாபம்? வீடியோவில் கிடைக்காத ஒன்று மாநாட்டில் கிடைக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து உங்கள் ஆய்வுக் கேள்வியைப் படித்து, "இது நடக்காது, இப்படி மாற்றுங்கள்" என்று சொல்வார். வருகிறவர்களை மேசை மேசையாகப் பிரித்து, மேசைக்கு ஒரு வழிகாட்டியோடு உட்கார வைத்து, ஒரு நாள் முழுவதையும் அதற்கே கொடுங்கள் என்பதுதான் என் யோசனை. மாலையில் ஒவ்வொருவர் கையிலும் தன் சொந்தக் கேள்வி ஒழுங்காக எழுதப்பட்டு, ஒரு பக்கத் திட்டமாக இருக்க வேண்டும். அதற்கு உதவாத எந்தத் தலைப்பையும் தைரியமாக வெட்டலாம்.

இதற்கான வேலை பதிவு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. பணம் கட்டும் படிவத்திலேயே, "நீங்கள் செய்ய நினைக்கும் ஆய்வைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்" என்று ஒரு பெட்டி வையுங்கள். எழுதாதவருக்கு இடம் இல்லை என்று கறாராகச் சொல்லலாம். சீனியர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வந்து சேரும் பத்திகளில் முக்கால்வாசி கேள்வியாக இருக்காது, தலைப்பாகத்தான் இருக்கும். 'மூன்றாம் நிலை மருத்துவமனையில் டெங்கு நோயாளிகளின் பிளேட்லெட் எண்ணிக்கை – ஓர் ஆய்வு' என்கிற மாதிரி. இந்த மாதிரித் தலைப்பைக் கையில் வைத்திருப்பவரிடம் நான் எப்போதும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வார்டில் எதை மாற்றுவீர்கள்?" கொஞ்ச நேரம் பதில் வராது. அப்புறம் மெதுவாக, "சார், 20,000-க்குக் கீழே போனாலே ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் பிளேட்லெட் ஏற்றிவிடுகிறோம். அது தேவைதானா என்று எனக்கு ஒரு சந்தேகம்" என்று வரும். ஆய்வு அங்கேதான் இருக்கிறது. தலைப்பில் அது எங்கேயும் இல்லை.

அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். யாரிடம்? டெங்கு உறுதியான, பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருக்கிற, பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களிடம். என்ன செய்து? பிளேட்லெட் ஏற்றி. எதோடு ஒப்பிட்டு? ஏற்றாமல், மற்ற கவனிப்பை மட்டும் கொடுத்து. எதை அளந்து? இந்த நாலாவதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். "பிளேட்லெட் எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம் சார்" என்பார்கள். ஏற்றினால் ஏறாமல் என்ன செய்யும்? நோயாளிக்கும் அவருடைய வீட்டாருக்கும் வேண்டியது எண்ணிக்கை இல்லை, ரத்தக்கசிவு வராமல் இருப்பது. எத்தனை நாளுக்குள் என்பதையும் சேர்த்துவிட்டால் கேள்வி முழுசாகிவிடும்.

மேசையில் இந்த இடம் வரைக்கும் வந்த பிறகு நிஜ ஆய்வைக் காட்டுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டு, 2017-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஏழாம் நாளுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டது ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கு, ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்கு. அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான். பக்கவிளைவோ ஏற்றியவர்களிடம் அதிகம். தாங்களே பத்து நிமிடத்துக்கு முன்னால் எழுதிய கேள்விக்குப் பதில் அச்சில் இருப்பதைப் பார்க்கும்போது ஒருவருக்கும் தூக்கம் வராது. ஏற்கெனவே பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்கிற பாடமும் கூடவே முடிந்துவிடும். இலக்கியத் தேடலுக்கென்று தனி வகுப்பு தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: சாட்பாட் கொடுக்கும் ரெஃபரன்ஸை, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் திறந்து பார்க்காமல் யாரும் எழுதக் கூடாது. இல்லாத கட்டுரைகளை அது அழகாக எழுதிக் கொடுக்கும்.

எண்ணிக்கையை அளப்பதா, நோயாளிக்கு ஆனதை அளப்பதா என்பதற்கு இன்னும் அழுத்தமான கதை வேண்டுமென்றால் காஸ்ட் ஆய்வு இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு இதயத் துடிப்பில் கோளாறு வருகிறவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். என்கேனைடு, ஃபிளெகேனைடு என்ற மருந்துகள் அந்தக் கோளாறை அடக்கின. அப்படியானால் சாவும் குறையும் என்று நம்பி மருத்துவர்கள் கொடுத்துவந்தார்கள். 1991-ல் வந்த முழுக் கணக்கு: மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். இசிஜி நன்றாகத்தான் இருந்தது. இந்த எண்களை போர்டில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் நீங்கள் பேசாமல் இருங்கள்.

காலையின் இரண்டாம் பாதிக்கு நான் பரிந்துரைப்பது 1956-ஆம் ஆண்டின் சென்னை. நம் ஊரிலேயே நடந்து உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றிய ஆய்வு இருக்கும்போது எங்கேயோ தேட வேண்டியதில்லை. இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அப்போது காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ஐசிஎம்ஆர், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தின. அங்கே ஆய்வை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். காசநோய் என்றால் சானடோரியம்தான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. படுக்கைகளோ போதவே போதாது. வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா என்பதுதான் கேள்வி.

முடிவைச் சொல்லாதீர்கள். மேசைக்கு அரை மணி நேரம் கொடுத்து, "நீங்கள் 1956-ல் இருக்கிறீர்கள், ஆய்வைத் திட்டமிடுங்கள்" என்று விட்டுவிடுங்கள். வரப்போகும் ஆட்சேபணைகளை இப்போதே சொல்லிவிடலாம். வீட்டில் இருப்பவர் பிள்ளைகளுக்கு நோயைப் பரப்பிவிடுவார். ஓட்டு வீட்டில், ஒரே அறையில் ஆறு பேர், நல்ல சாப்பாடு இல்லை, குணமாகாது. பார்க்க ஆள் இல்லாவிட்டால் மாத்திரையைச் சாப்பிடவே மாட்டார். ஒவ்வொரு ஆட்சேபணையையும், "சரி, அதை எப்படி அளப்பீர்கள்?" என்று அவர்களிடமே திருப்பிவிடுங்கள். ஃபாக்ஸும் அவருடைய ஆட்களும் அதைத்தான் செய்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

193 நோயாளிகள் வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். இரண்டு பக்கமும் ஐசோனியாசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு மருந்துகளும் ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் எல்லாம் கிடைத்தன, எடையும் கூடியது. ஆனால் நோய் அடங்கியதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதிலும் வீட்டுச் சிகிச்சையால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. 1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

கையில் இந்த ஒரு ஆய்வு இருந்தால் ஆய்வு வடிவமைப்பு முழுவதையும் சொல்லிவிடலாம். யார் எங்கே இருக்கிறார் என்பதை நோயாளியிடம் மறைக்க முடியாத ஆய்வு இது. அப்படியானால் யாரிடம் மறைக்கலாம் என்று கேளுங்கள். எக்ஸ்ரே பார்ப்பவரிடம் மறைக்கலாமே என்று யாராவது பிடித்துவிடுவார். பிரிட்டனில் நடந்து 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் அப்படித்தான் செய்தார்கள். ஒதுக்கீட்டை மூடி ஒட்டிய உறைகளில் வைத்ததும் அதே ஆய்வில்தான், திட்டம் போட்டவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். உறை எதற்கு என்று சொல்லும்போது நம் தீசிஸ்களின் நிலவரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். 'ராண்டம்' என்று எழுதிவிட்டு ஓபி எண் ஒற்றைப்படை என்றால் ஒரு குழு, இரட்டைப்படை என்றால் இன்னொரு குழு என்று பிரிப்பது இன்னும் ஓயவில்லை. அடுத்து வருகிறவர் எந்தக் குழுவில் விழுவார் என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால், மோசமான நோயாளியை "நீங்கள் நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட முடியும். கெட்ட எண்ணத்தால் கூட இல்லை, இரக்கத்தாலேயே அப்படிச் செய்வார்.

இனி புள்ளியியல். ஓடுகிறவர்களை உட்கார வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சூத்திரங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அவர்கள் ஏற்கெனவே கேட்டு மனசுக்குள் வைத்திருக்கும் சந்தேகங்களிலிருந்து தொடங்குங்கள். எந்த டெஸ்ட் எப்போது என்கிற அந்தப் பெரிய அட்டவணையை வேண்டுமானால் அச்சடித்துப் பையில் போடலாம், மேடையில் வேண்டாம்.

வைத்துக்கொள்ள வேண்டிய அந்த ஒரு சூத்திரம் 4pq/d². p என்பது நோய் இருப்பவர்களின் சதவீதம், q இல்லாதவர்களின் சதவீதம், d நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. தமிழ்நாட்டில் பாதித் தீசிஸ்களின் சாம்பிள் சைஸ் அதிலிருந்துதான் வருகிறது, அதிலேயே கோளாறும் வருகிறது. ஒரு நோய் 20 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று முந்தைய ஆய்வு சொல்கிறது. பிழை 5 சதவீதம் என்று போடுகிறார்கள். 4 பெருக்கல் 20 பெருக்கல் 80, வகுத்தல் 25. விடை 256. சரி, அந்த 5 சதவீதம் 20-க்கு மேலும் கீழும் 5 புள்ளியா, அல்லது 20-இல் 5 சதவீதமா? இரண்டாவது என்றால் d வெறும் 1. அப்போது தேவைப்படுவோர் 6,400 பேர். ஒரே வாக்கியத்துக்கு 256-ம் 6,400-ம் விடை. மாணவர் எதை எழுதியிருக்கிறார் என்று பல சமயம் கைடுக்கும் தெரிவதில்லை. மேசைகளில் இதைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் அறையே சத்தமாகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இது ஓர் அளவைக் கணிக்க மட்டுமே. இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வுக்கு இதைப் போடக் கூடாது.

ஒப்பிடுவதற்கு என்ன வேண்டும்? ஒரு சிக்கல் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறையும் என்று நம்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 80 சதவீத பவர் (நிஜமாகவே இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத எல்லை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) என்றால் குழுவுக்குச் சுமார் 200 பேர் வேண்டும். நம் தீசிஸ்களிலோ குழுவுக்கு 30. அந்த முப்பதை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பக்கம் 6 பேருக்குச் சிக்கல், இன்னொரு பக்கம் 3 பேருக்கு. பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பி வேல்யூ 0.05-க்கு மேலே, அதாவது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். மாணவர் என்ன எழுதுவார்? "இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசம் இல்லை" என்று. 95 சதவீத நம்பக இடைவெளியைப் போட்டால், புதிய சிகிச்சை சிக்கலைச் சுமார் 28 புள்ளி வரை குறைக்கலாம், 8 புள்ளி கூட்டவும் செய்யலாம் என்று வரும். வித்தியாசம் இல்லை என்று எங்கே தெரிகிறது? எதுவுமே தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பி வேல்யூவின் வரையறையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இந்த ஒரு கணக்கு மேல். கணக்குப் போட ஓப்பன்எபி போதும், இலவசம், செல்போனிலேயே திறக்கும். வேலூர் சிஎம்சியின் புள்ளியியல் துறை செய்த என்மாஸ்டர் பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது.

கூடவே சின்னதாக ஒன்று: "60 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை, ஆகவே பாதுகாப்பானது." மூன்றை 60-ஆல் வகுத்தால் 5 சதவீதம். அதாவது இருபதில் ஒருவருக்குப் பக்கவிளைவு வரும் மருந்தாகவும் அது இருந்திருக்கலாம். பூஜ்யம் கிடைத்தால் மூன்றை ஆள் எண்ணிக்கையால் வகு என்கிற இந்தக் குறுக்கு வழி மனசிலேயே நிற்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் மணி நேரத்தை யாரும் ஜெயித்ததில்லை. அந்த நேரத்துக்கு ராசிபலன்தான் சரி. ஐசிஸ்-2 என்பது மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று நிறுவிய ஆய்வு, 17,187 நோயாளிகள், 1988-ல் லான்செட்டில் வந்தது. வயது, பால், நோய் வகை என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்லி இதழின் தரப்பில் கேட்டபோது, ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, லேசாகக் கெடுதல் போலவும் தெரிந்தது. மற்ற ராசிக்காரர்களுக்கு நல்ல பலன்! அறையில் இருக்கும் மிதுன, துலா ராசிக்காரர்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். இவர்களுக்கு மாரடைப்பு வந்தால் ஆஸ்பிரின் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? மேல்நாட்டு ராசி பிறந்த தேதியை வைத்து, நம் ராசி சந்திரனை வைத்து என்று ஒருவர் எழுந்து விளக்கம் சொல்வார், அவரை அன்போடு உட்கார வையுங்கள். பிறகு யாராவது தீசிஸில், "மொத்தத்தில் பலன் இல்லை, ஆனால் 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலன் இருந்தது" என்று எழுதும்போது மேசையில் ஒருவர் "மிதுனமா, துலாமா?" என்று கேட்டால் போதும்.

மாநாட்டில் மட்டுமே செய்ய முடிந்த ஒரு பயிற்சியும் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் ஸ்டால்களுக்குப் போய், மேசைக்கு ஒன்றாக மருந்துக் கம்பெனிகளின் விளம்பரத் தாள்களை வாங்கி வரச் சொல்லுங்கள். எப்படியும் போகத்தான் போகிறார்கள். "50 சதவீதம் குறைப்பு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எதிலிருந்து எதற்கு என்று தேடச் சொல்லுங்கள். 2 சதவீதம் 1 ஆனாலும் 50 சதவீதம்தான், ஆனால் ஒருவருக்கு அது உதவ 100 பேருக்குக் கொடுக்க வேண்டும். படத்தின் செங்குத்துக் கோடு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா, அடியில் பொடி எழுத்தில் உள்ள ரெஃபரன்ஸ் மனிதர்களிடம் நடந்த ஆய்வா, அளந்தது நோயாளிக்கு ஆனதையா இல்லை ரத்தப் பரிசோதனை எண்ணையா என்று பார்க்கட்டும். காலையில் பேசிய எல்லாம் இங்கே வந்துவிடும். இதைச் செய்வதாக இருந்தால் உங்கள் பயிலரங்குக்கு மட்டும் கம்பெனி ஸ்பான்சர் வேண்டாம் என்று அமைப்புச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சங்கடப்படுவார், ஆனால் ஒத்துக்கொள்வார். மேசைக்கு ஒரு போர்டும் மார்க்கரும்தான் செலவு.

பரிசோதனை முறைகளைப் பற்றியும் கொஞ்சம் வேண்டும் என்று நினைத்தால், 1978-ல் ஹார்வர்டில் கேட்ட பழைய கேள்வியை அப்படியே கேளுங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் டெஸ்ட் பாசிட்டிவ் என்று தவறாகக் காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது, நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அன்று கேட்கப்பட்ட மருத்துவர்களும் மாணவர்களும் மொத்தம் 60 பேர், உங்கள் அறை மாதிரியே. 2 சதவீதம் என்று சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். 95 என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஆயிரம் பேரை வரைந்து, ஒருவரையும் தவறாக வந்த 50 பேரையும் வட்டம் போட்டுக் காட்டினால் சூத்திரமே தேவையில்லை.

எத்திக்ஸுக்கு நீதி போதனை வேண்டாம், தேதி வரிசை போதும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதலில், இந்தியாவின் மருத்துவச் சோதனை ஆய்வுகளுக்கான பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு அடுத்து, முதல் நோயாளியைச் சேர்ப்பது அதற்கும் பிறகு. 2007-ல் தொடங்கிய சிடிஆர்ஐ, 2018 ஏப்ரலிலிருந்து ஆய்வு ஆரம்பிக்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்று ஆக்கிவிட்டது. முடிந்த பிறகு பதிவு செய்யப் போனால் வழி கிடையாது, அப்புறம் நல்ல இதழ் எதிலும் அந்தச் சோதனை ஆய்வைப் போட முடியாது. பதிவு ஒரே நாளில் முடிகிற வேலையும் இல்லை, அவர்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், பதில் போட வேண்டும். தீசிஸ் நேர அட்டவணையில் இதற்கு இடம் விடச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு சின்ன வேலை: ஒருவருடைய படிவத்தை வாங்கி, ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கிய அந்தத் தமிழை மேசையில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பவருக்கே புரியாது. திருத்தும் வேலையை அங்கேயே தொடங்கிவிடலாம்.

யாரைக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். 60 பேருக்கு எட்டு மேசை, மேசைக்கு ஒரு வழிகாட்டி. எட்டு வழிகாட்டிகள் கிடைக்காவிட்டால் வருகிறவர்களைக் குறையுங்கள், ஒரே மேசையில் அதிகம் பேரைத் திணிக்காதீர்கள். பெரிய பெயர் வேண்டாம். நாலைந்து ஆய்வுகளை முழுக்கத் தானே செய்து முடித்தவர், நோயாளிகள் வராமல் திண்டாடியவர், திட்டாமல் பேசத் தெரிந்தவர் போதும். புள்ளியியலாளரை மேடையில் ஏற்றாமல் மேசை மேசையாக நடக்க விடுங்கள், அவருடைய அருமை அப்போதுதான் தெரியும். மாணவரையும் அவருடைய கைடையும் ஒரே மேசையில் போடவே போடாதீர்கள். துறைத் தலைவர் பக்கத்தில் இருந்தால் பையன் வாயே திறக்க மாட்டான், அவர்தான் அவனுக்காகவும் பேசுவார். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், மேசையில் பேச்சு தமிழில் நடக்கட்டும். கேள்வியின் கோளாறு தாய்மொழியில் பேசும்போது சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

கடைசி ஒன்றரை மணி நேரம் ஒரு பக்கத் திட்டத்தை எழுதுவதற்கு. கேள்வி, யார், எத்தனை பேர், எதை எப்போது அளப்பது, முதன்மையான ஒரே ஒரு முடிவு, அது வந்தால் என்ன மாறும். பக்கத்து மேசையோடு தாளை மாற்றிக்கொண்டு குறை எழுதட்டும். பிறகு சாப்பாடு எப்படி, ஹால் எப்படி என்று கேட்கும் கருத்துப் படிவத்துக்குப் பதிலாக, பதிவின்போது அவர்கள் எழுதிய பத்தியையும் மாலையில் எழுதிய பக்கத்தையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்து இரண்டு பேரிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னால் உங்கள் பயிலரங்கே ஓர் ஆய்வாகிவிடும். அதற்கும் எத்திக்ஸ் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்புங்கள்: "உங்கள் திட்டம் கமிட்டிக்குப் போனதா?"

அமைப்பாளர்கள் கடைசி நேரத்தில், "தொடக்க விழா நீண்டுவிட்டது, உங்களுக்கு 90 நிமிடம்தான்" என்று சொல்லக்கூடும். அதற்கும் தயாராக இருங்கள். அப்போது டெங்கு கேள்வியை மட்டும் முழுசாகச் செய்யுங்கள், குழுவுக்கு 30 பேர் கணக்கை ஒரு தடவை போடுங்கள், மீதி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஆளுக்கொரு கேள்வியைத் திருத்தி எழுதட்டும். சென்னை ஆய்வின் கதையை நாலு பக்கமாக அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம், ரயிலில் படிப்பார்கள்.